ஈயச் சட்டியும் என் வலது கையும்

பக்கத்துத் தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பார்த்திபன் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போகிற ஆள். தூண்டில் நூல் தண்ணீருக்குள் இறங்கக் கட்டுவதற்குக் கடையில் வாங்கும் ஈயக்குண்டெல்லாம் கல்லிடுக்கில் மாட்டி அறுந்துபோகிறதாம். வீட்டிலேயே ஈயம் உருக்கி ஊற்றிக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை அவருக்கு.

"சார், அந்தக் காலத்துல ஆரணியில நீங்கதான் வலைக்கு ஈயம் ஊத்தினு இருந்தீங்களாமே. ஈயம் எங்க கிடைக்கும், எப்படி சுத்தம் பண்ணணும், கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றார். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். ஆனால் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதே கிடையாது. அந்த மயக்கத்தில் சாயங்காலம் விளக்கு போடும் வரை பேசினேன். பாவம், கடையைத் திறக்க வேண்டிய மனுஷன். "இதையெல்லாம் எழுதி வைங்க சார்" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். தப்பித்துப் போவதற்காகச் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா தெரியவில்லை. நான் நிஜம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் சாலமோன். வேதாகமத்தில் சாலமோன் ராஜா பெரிய ஞானி. பெயர் வைக்கும்போது என் அப்பா குழந்தையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆரணியில் பிறந்தவன் பட்டுத் தறியில் உட்காராமல் எங்கே போவான்? நானும் முள்ளிப்பட்டில் என் பெரியப்பா வீட்டுத் தறியில் உட்கார்ந்தேன். எனக்கு உள்ளங்கை சொரசொரப்பு. பட்டு இழையைத் தொட்டாலே கையோடு வந்துவிடும். ஒரு ஜாண் நெய்தால், அறுந்த இழைகளை முடிச்சுப் போடவே அரை நாள் போகும். பெரியப்பா பொறுமைசாலி. ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்தார். கடைசியில், "தம்பி, நீ எழுந்து போய்ட்டா உனக்கு நல்லதோ இல்லியோ, தறிக்கு நல்லது" என்றார். நான் தறி கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் பீபிம்மாவின் பழைய இரும்புக் கடையில் சேர்ந்தேன். பீபிம்மா என்னைவிட நாலைந்து வயசுதான் பெரியவர். கணவர் இறந்த பிறகு கடையைத் தானே எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பெரிய செப்புக் கொப்பரையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். எதிரே மலையாகச் சாமான்கள். வருகிற உலோகத்தை இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம், ஈயம் என்று பிரித்துப் போடுவது என் வேலை.

அவர் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் தப்பான குவியலில் ஒரு துண்டைப் போட்டால், அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தத் துண்டிடம் பேசுவார். "பாவம், உனக்கு இன்னா தெரியும்? போட்டவன் கண்ணு எங்க இருந்துச்சின்னு நீயாச்சும் பாத்தியா?" வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அலுமினியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கடையில்தான் ஈயத்தை அடையாளம் தெரிந்துகொண்டேன். ஆணியால் கீறினால் புது வெள்ளி மாதிரி மின்னும், கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி விழும். கருங்கல்லில் போட்டால் 'டொப்' என்று ஈரத்துணி விழுவது போல விழும். 'டிங்' என்று சத்தம் வந்தால் அதில் வேறு எதுவோ கலந்திருக்கிறது. அச்சாபீஸில் தேய்ந்துபோன எழுத்துகள் அப்படித்தான் சத்தம் போடும். அவை வலைக்கு ஆகாது, வளைத்தால் உடைந்துவிடும். எங்களுக்கு வரும் ஈயத்தில் நல்லது, பழைய பங்களாக்களின் தண்ணீர்க் குழாய். அடுத்தது, கழித்துப்போட்ட எடைக்கற்கள். எடைக்கல்லின் அடியில் முத்திரை குத்துவதற்காக ஒரு குழியில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அதைச் சூடுகாட்டித் தட்டினால் பொத்தான் மாதிரி வந்து விழும்.

ஒருநாள் முனுசாமி கடைக்கு வந்தார். ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் பிடிக்கிறவர்களில் ஒருவர். அவருடையது வீச்சு வலை. வலையின் விளிம்பு முழுக்க ஈய மணிகள் கோத்திருக்க வேண்டும். அவை ஒரே எடையாக இல்லாவிட்டால் வலை வட்டமாக விரியாமல் கோணிக்கொண்டு விழும், மீன் வேடிக்கை பார்த்துக்கொண்டு போய்விடும். "ஒழுங்கா ஊத்தித் தர ஒரு ஆளு இல்லப்பா இந்த ஊர்ல" என்று முனுசாமி அலுத்துக்கொண்டார்.

"நான் ஊத்தித் தரேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான், ஈயம் எப்படி உருகும் என்று நான் பார்த்ததே இல்லை என்பது ஞாபகம் வந்தது. பீபிம்மா மடியில் இருந்த பித்தளைக் குழாயைப் பார்த்து, "கேட்டியா?" என்றார்.

இருந்தாலும் கற்றுக்கொண்டேன். பார்த்திபன் கேட்ட சுத்தம் செய்யும் முறை இதுதான். ஈயத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, மண்ணைச் சுரண்டி, தகரத்தின்மேல் பரப்பி வெயிலில் காய வைக்க வேண்டும். அடிகனமான இரும்புச் சட்டியில் கரி நெருப்பில் மெதுவாக உருக்க வேண்டும். காய்ந்த ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் பழுப்பாக வர வேண்டும். குச்சி தீப்பிடித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். பிறகு ஒரு துண்டு மெழுகு. எங்கள் சர்ச்சில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருப்பேன். மெழுகைப் போட்டுக் கிளறினால், குப்பையெல்லாம் சாம்பல் நிறத்தில் மேலே வந்து ஒதுங்கும். இரும்புக் கரண்டியால் அந்தக் கசடை வழித்து எடுத்துவிட்டால், அடியில் ஈயம் கண்ணாடி மாதிரி நிற்கும். குனிந்தால் முகம் தெரியும். நான் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்வேன். அந்த வயசில் மீசை நன்றாக இருந்தது.

அச்சு மாக்கல்லில் செய்தது. இரண்டு பாதியாக இருக்கும். நடுவில் துளை வருவதற்காக ஒரு கம்பியை வைத்து மூடி, மேலே உள்ள வாயில் ஈயத்தை ஊற்ற வேண்டும். கல் சூடாகும் வரை முதல் நாலைந்து மணிகள் கிழவி கன்னம் மாதிரி சுருக்கமாக வரும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போட வேண்டியதுதான். என் முதல் நாள் உழைப்பு முழுவதும் திரும்பச் சட்டிக்கே போனது.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது. எஸ்தர் தேசூர்ப் பெண். வந்த புதிதில் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு நான் அடுப்பை மூட்டினேன். எஸ்தர் வந்து பார்த்தாள்.

"ஏங்க, கட்டின துணியே ரெண்டு நாளா காயல. அந்தக் கொழாயி மட்டும் எப்படிங்க காஞ்சிருக்கும்?"

"ஈயம் வேற, துணி வேற. உனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, குழாய்த் துண்டு ஒன்றைச் சட்டியில் இறக்கினேன். குழாயை நீளவாக்கில் பிளந்துவிட்டுத்தான் போட வேண்டும். நான் பிளக்கவில்லை. உள்ளே மண் அடைத்திருந்தது, மண்ணுக்குள் தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்கு அடியில் போனால் ஆவியாகி வெடிக்கும். வெடித்தது. சட்டியில் இருந்ததில் பாதி கூரை ஓட்டில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு துளி என் வேட்டியில் உட்கார்ந்தது. நான் வேட்டியை அவிழ்த்து வீசிவிட்டு அண்டர்வேரோடு தெருவுக்கு ஓடினேன்.

தெருவில் பாஸ்டர் ஐயா வந்துகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டதும், கர்த்தர் காப்பாற்றினார் என்று அங்கேயே என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். நீளமான ஜெபம். என்னைப் பார்க்க வேண்டாம் என்றோ என்னவோ, கண்ணை ரொம்ப இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தார். தெருவில் மற்றவர்கள் யாரும் மூடவில்லை. எஸ்தர் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் இடுப்பில் சுற்றிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஈயம் காய்ந்ததா இல்லையா என்று அவளைக் கேட்காமல் நான் அடுப்பு மூட்டியதில்லை. அவள் ஊரில் இருந்தவரைக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரிகள் எல்லாம் நிரம்பின. ஆளாளுக்கு வலை கட்டத் தொடங்கினார்கள். மணி கேட்டு முனுசாமி மாதிரி பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். பீபிம்மா கடையிலோ ஈயம் தீர்ந்துவிட்டது. எஸ்தர் தலைப்பிரசவத்துக்குத் தேசூருக்குப் போயிருந்தாள். எனக்கு யோசனை சொல்ல ஆள் இல்லை. அதனால் எனக்கே ஒரு யோசனை வந்தது.

கண்ணமங்கலத்தில் லாரி ஷெட் ஒன்றின் பின்னால் செத்துப்போன பேட்டரிகள் குவிந்து கிடந்தன. உள்ளே இருப்பதெல்லாம் ஈயத் தகடு. கேட்டதும், இடம் காலியானால் போதும் என்று ஷெட்காரர் கொடுத்துவிட்டார். பீபிம்மா பேட்டரித் தகட்டைக் கடையில் வைப்பதே இல்லை, வந்தால் அப்படியே வேலூர் வியாபாரியிடம் தள்ளிவிடுவார். இவ்வளவு பெரிய புதையலை அந்த அம்மா தெரியாமல் தள்ளுகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

வெளியே மழை. அதனால் உள் அறையில் உட்கார்ந்து தகடுகளை உடைத்தேன். உலர்ந்த தகடு உடையும்போது சாம்பலும் பழுப்புமாகப் பொடி கிளம்பும். தரை, சுவர், தலைமுடி எல்லாம் அந்தப் பொடி. அதே கையால் பீடி. அதே அறையில் சோறு. இப்படியே மழைக்காலம் முழுக்க ஓடியது. நான் மணி ஊற்றித் தள்ளினேன். ஊரே என்னைத் தேடி வந்தது.

முதலில் வயிறு வலித்தது. வாயு என்று கோலி சோடா குடித்தேன். அப்புறம் வலி வந்தால் சுருண்டு படுக்கும்படி ஆனது. ஓமத் தண்ணீருக்கு மாறினேன். எதைச் சாப்பிட்டாலும் நாக்கில் இரும்பு ருசி. டீக்கடைக்காரர் சர்க்கரையில் கலப்படம் செய்கிறார் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். ஒருநாள் காலை கரண்டியைத் தூக்கினால், வலது கை மணிக்கட்டிலிருந்து அப்படியே தொங்குகிறது. வலி இல்லை. விரல் மடங்குகிறது, நிமிர மாட்டேன் என்கிறது. வாடிய வாழையிலை மாதிரி கை கீழே பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்காவது வணக்கம் வைத்தால், அவர்கள் காலைக் காட்டி ஏதோ சொல்கிறேன் என்று குனிந்து பார்த்தார்கள்.

சர்ச்சில் பாட்டுப் புத்தகம் கையிலிருந்து விழுந்தது. பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து, மனைவி ஊரில் இல்லாத நேரத்தில் குடிப்பழக்கம் வருவது இயல்புதான் என்று ஆரம்பித்து, கனிவாக நெடுநேரம் பேசினார். நான் குடிப்பதில்லை என்று சொல்லச் சொல்ல அவர் கனிவு அதிகமானது. முனுசாமிக்கு வேறு சந்தேகம்.

"சாலமோனு, உனக்கு யாரோ வெச்சிட்டாங்கப்பா. தொழில் போட்டி."

செய்வினையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் ஒருத்தன் இருக்கிறான் என்பது கேட்க நன்றாக இருந்தது. இரண்டு நாள் அதைக் குறித்துப் பெருமையாகவே இருந்தேன்.

நான் கடைப் பக்கமே வரவில்லை என்று பீபிம்மா வீடு தேடி வந்தார். வாசலில் நின்றவர் என் கையைப் பார்த்தார். பிறகு உள் அறையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அப்போது அவர் மடியில் எந்தத் துண்டும் இல்லை. முதல் தடவையாக என்னிடமே நேராகப் பேசினார்.

"பேட்டரி தகடா?"

"ஆமாம் பீபிம்மா. கண்ணமங்கலத்துல..."

"எங்க வீட்டுக்காரருக்கு இப்படித்தான் கை தொங்குச்சி. வயித்து வலி, வயித்து வலின்னு சொல்லிகினே இருந்தாரு. வாயு மருந்து குடுத்துகினே இருந்தோம்." "சட்டைய மாத்து. ஜல்தி. வேலூர் பஸ்ஸ புடிக்கணும்."

பஸ் கண்ணமங்கலம் வந்தபோது, எந்த ஷெட் என்று இடது கையால் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கையை இறக்கிக்கொண்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் உதட்டை இழுத்துப் பார்த்தார். ஈறில் பல் ஓரமாக நீலக் கறுப்பில் ஒரு கோடு ஓடியிருந்ததாம். உடனே மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். அத்தனை படித்தவர்கள் ஒன்றாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்கு மட்டும்தான். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, ஊசி போட்டு இறக்க வேண்டும், இனி அந்தத் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பிறகு அவர் கேட்டார்:

"வீட்ல வேற யார் இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. வொய்ஃப் பிரசவத்துக்குப் போயிருக்குது. பொம்பளப் புள்ள பொறந்திருக்குது. இந்த வாரம் கூட்டினு வர்றாங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்தக் குழந்தை அந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. பெரியவங்க தாங்குற அளவுகூட கைக்குழந்தை தாங்காது. மூளைக்குப் போயிடும்."

அதுவரைக்கும் எல்லாவற்றையும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கட்டிலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தேசூரிலிருந்து என்றைக்குக் கிளம்புவார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கிளம்பிவிட்டார்களோ என்னவோ. பீபிம்மா அந்த நிமிஷமே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தேசூர் அவருக்குத் தெரியாத ஊர். விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது, எஸ்தர் மூட்டை கட்டி வைத்திருந்தாளாம்.

குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு எஸ்தர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பச்சை உடம்பு. என் கையை எடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். விட்டதும் விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள். அழவில்லை.

"எந்த ரூம்ல ஒடைச்சீங்க?"

"உள் ரூம்லதான்."

"தொட்டில் கட்டணும்னு கொக்கி அடிச்சோமே, அங்கியா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

எஸ்தரும் பீபிம்மாவும் சேர்ந்து அந்த வீட்டு மண் தரையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, தூசி கிளம்பாமல் ஒரு அடிக்கு வெட்டி எடுக்க வைத்தார்கள். சுவரைக் கழுவினார்கள். என் துணிகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அப்படியும் எஸ்தருக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்து, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பிள்ளையோடு அங்கே குடி வந்தாள். அந்த வீட்டில் எனக்கு ஒரு உரிமை மட்டும் கிடையாது. பிள்ளையைத் தூக்கக்கூடாது. கையை நம்ப முடியாது என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். ஊரே மாறி மாறித் தூக்கியது. பாஸ்டர் ஐயா தூக்கினார். முனுசாமி மீன் வாசனையோடு வந்து தூக்கினார். நான் பக்கத்தில் நின்று நாக்கைத் துருத்திக் காட்டுவேன். பிள்ளை முனுசாமியைப் பார்த்துச் சிரிக்கும்.

கை மெல்ல மெல்ல நிமிர ஆரம்பித்ததும், வேலைக்குத் திரும்பலாம் என்று பீபிம்மாவிடம் ஈயம் கேட்டுப் போனேன். அன்றைக்கு அவர் கொப்பரையை விட்டுவிட்டு ஒரு கோணிமூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"தகரம் கீது, பித்தளை கீது. ஈயம் இல்ல."

"நீங்க உக்காந்துகினு இருக்கிற கோணியில இன்னா பீபிம்மா?"

"தெரியாது. கை இன்னா சொல்லுது? நீட்டு."

நீட்டினேன். விளிம்பு வரைக்கும் டீ நிரம்பிய டம்ளர் ஒன்றைப் பிடிக்கச் சொன்னார். டீ முழுக்க என் வேட்டியில். "போய்ட்டு அப்புறம் வா" என்றார். அதற்குப் பிறகு எத்தனை தடவை போனேனோ கணக்கில்லை. என் வேட்டிகள் எல்லாம் காவி நிறத்துக்கு மாறின. நான் சாமியாராகப் போகிறேன் என்று தெருவில் பேச்சு கிளம்பியது.

ஒருநாள் டீ சிந்தவில்லை. பீபிம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பிடிக்க வைத்தார். பிறகு கோணியை விட்டு எழுந்தார்.

"குழாய் ஈயம் மட்டும்தான். வீட்டுக்குள்ள கூடாது, ஊருக்கு வெளிய பொட்டல்ல உருக்கு. அந்தத் துணியோட வீட்டுக்குப் போவாத. பீடிய நான் பாத்தேன்னா அன்னியோட உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல." அந்தச் சட்டதிட்டத்தோடுதான் எண்பதுகளின் கடைசி வரை ஊற்றினேன். கசடைக்கூட வெறும் கையால் தொட்டதில்லை. பார்த்திபன், உங்களுக்கும் நான் சொல்வது அதுதான். இதெல்லாம் முடியாது என்றால் கடையிலேயே குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறுந்துபோனால் போகட்டும்.

டீ சிந்தாத அன்றைக்கு, பீபிம்மா கொடுத்த ஈயத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"எஸ்தர், பீபிம்மா குடுத்த டீ சிந்தல. புள்ளயக் குடு."

எஸ்தர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கை கழுவினு வாங்க." கழுவிவிட்டு வந்தேன். "இன்னொரு தரம்." கழுவினேன். பாய்மேல் உட்காரச் சொன்னாள். விழுந்தாலும் அடிபடாமல் இருக்க என்னைச் சுற்றி வீட்டிலிருந்த தலையணை எல்லாவற்றையும் அடுக்கினாள். பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள், தன் கையை அடியிலிருந்து எடுக்காமல். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொன்றையும்.

மணிக்கட்டு தொங்காமல் நின்றது. பிள்ளை என்னை முதல் தடவையாக இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது. நெற்றியைச் சுருக்கி, இந்த ஆள் யார் என்று யோசிக்கிற மாதிரி பார்த்தது. யோசித்து முடித்துவிட்டு என் சட்டை முழுக்க மூத்திரம் பெய்தது.

எஸ்தர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும், எஸ்தர்" என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."